பதினாலாவது ஷரத்து

“சுவத்துல ஆணி அடிக்கலாமா, கூடாதாம்மா?”

சேர்மதுரை அண்ணாச்சி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் கேட்டார். பாளையங்கோட்டையில் தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் வாடகைப் பத்திரம் டைப்படிக்கிற கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு இது தினம் கேட்டுச் சலித்த கேள்வி. உலகம்மாளுக்கு அப்படியா? ஐம்பத்தெட்டு வயசுக்கு இன்றைக்குத்தான் ஒருத்தர் அவளிடம் இதைக் கேட்கிறார். ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கிடட்டுமா மதினி, காலண்டர் மாட்ட, சின்ன ஆணிதான், என்று அவள்தான் ஊர்ப்பட்ட வீட்டுக்காரிகளிடம் கேட்டுக் கேட்டு நின்றிருக்கிறாள். கூடாது என்றால் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். கல்யாண போட்டோ எங்கே தொங்கும்? அது தொங்கவே இல்லை. பரணில், பீரோ மேல், கட்டிலுக்கு அடியில் என்று பழைய சேலை சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வீடு அதுவும் கூடவே குடிபெயர்ந்து வந்தது. ஒரு தடவை அவள் புருஷன் ஆறுமுகநயினார், ஆணிதானட்டி கூடாது, ஒட்டக் கூடாதுன்னு எவன் சொன்னான் என்று இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் வாங்கி வந்து அதைச் சுவரில் ஒட்டினார். சோறு தின்று முடிக்கும்வரைகூட நிற்கவில்லை, தொபுக்கடீர் என்று விழுந்து கண்ணாடி சில்லுச்சில்லாகப் போனது. மாடியிலிருந்து வீட்டுக்காரி என்ன சத்தம் என்று கேட்க, ஒண்ணுமில்ல மதினி, தம்ளர் விழுந்துட்டு என்று இவள் சொல்ல, அவர் வாயில் துண்டை வைத்து அமுக்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணி வருகிற வரைக்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு! இப்போது நாலு பக்கமும் சொந்தச் சுவர் இருக்கிறது, கடை கடையாய் ஆணி கிடைக்கிறது, அடி என்று சொல்ல ஆள் இல்லை. “அடிச்சுக்கிடட்டும் அண்ணாச்சி,” என்றாள் உலகம்மாள். “பூச்சு உதிருமேம்மா, புது வீடுங்கிய.” “உதிர்ந்தா உதிரட்டும்.” அண்ணாச்சி அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார். கடைக்கு வருகிற வீட்டுக்காரர்கள் எவரும் இப்படிச் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார். மறுபடியும் திரும்பி டைப்படிக்க ஆரம்பித்தார்.

டைப்படிக்கிறதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பது அவர் வழக்கம். திருமால் நகர் முகவரியில் வசிக்கும், என்று இழுத்தவர், “வீட்டுக்காரர் பேரு என்ன சொன்னிய?” என்றார். ஆறுமுகநயினார் என்றாள். “இருக்காவளா?” என்றார். இதென்ன கேள்வி என்று வேறு யாராவது முகத்தைத் தூக்குவார்கள். இவளுக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டாரே என்றிருந்தது. ஒன்றரை வருஷமாக எல்லாரும் கேட்காமல் நழுவிப் போகிற கேள்வி அது. இல்லை என்றாள். காலஞ்சென்ற ஆறுமுகநயினார் அவர்களின் மனைவி உலகம்மாள் ஆகிய முதல் பார்ட்டிக்கும், என்று கடகடவென்று அடித்துக்கொண்டு போனார். முதல் பார்ட்டி! அவள் புருஷன் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷத்தில் காபி வாங்கிக் கொடுத்திருப்பார். எத்தனை வாடகை வீடு, எத்தனை பத்திரம், எல்லாவற்றிலும் இவர்கள் இரண்டாவது பார்ட்டி. முதல் பார்ட்டி மோட்டார் போட்டால்தான் இரண்டாவது பார்ட்டிக்குக் குழாயில் தண்ணி. முதல் பார்ட்டி வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தால் இரண்டாவது பார்ட்டி கொடியில் காய்கிற துணியை எடுத்துவிட வேண்டும். முதல் பார்ட்டிக்கு வீடு வேண்டும் என்றால் வேண்டும்தான், பிள்ளைக்கு முழுப்பரீட்சை நடந்தாலும் சாமானைத் தூக்க வேண்டியதுதான். ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, “ஏ உலகு, அடுத்த பத்திரத்துல நாமதான் முதல் பார்ட்டி, பாத்துக்க,” என்பார். கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போட்ட மனுஷனுக்கு அவ்வளவு ஆசை. நாம என்றார். நாம என்றால் இரண்டு பேர். ஒருத்தி வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்தர் எங்கே என்று எந்த அண்ணாச்சியும் டைப்படித்துத் தர முடியாது.

கீழ் வீடு அவருக்கென்றே கட்டியது. முட்டுவலிக்காரர், மாடி ஏற மாட்டார், அதனால் கீழே ஹால், கீழே படுக்கை, கக்கூஸ் கட்டிலுக்குப் பக்கத்திலே. மேலே ஒரு சின்ன ரூம், பிள்ளை ஓசூரிலிருந்து வந்தால் தங்க. இப்போது அந்தச் சின்ன ரூமில் இவள் இருக்கிறாள், கீழே பூட்டிக் கிடக்கிறது. தனியாக அந்த ஹாலில் இருந்து பார்த்தாள், முடியவில்லை. சும்மா பூட்டிப் போட்டா கரையான்தாம்மா குடியிருக்கும், வாடகைக்கு விடு என்று மகன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். சரி என்று போர்டு மாட்டின மறுநாளே சுகந்தியும் அவள் புருஷன் கோமதிநாயகமும் வீடு பார்க்க வந்தார்கள். உரக்கடையில் கணக்கு எழுதுகிற பையன், சாதுவான முகம். கூடவே சுகந்தியின் அப்பா வேலாயுதம். மகளும் மருமகனும் கைத்தாங்கலாகப் பிடித்து நடையேற்றினார்கள். ஆள் கறுத்து வற்றியிருந்தார், இடது கையில் நரம்பு கயிறு கயிறாகப் புடைத்து அதன் மேல் பிளாஸ்திரி. ஹாலில் நாற்காலியைப் போட்டதும் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, சுற்றும்முற்றும் பார்க்காமல் நேராகத் தலைவாசலைப் பார்த்தார். நல்ல அகலமான நடை தாயி, என்றார். மற்ற இரண்டு பேரும் தண்ணி எப்படி வரும், கரண்ட் மீட்டர் தனியா என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் அந்த நடையைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை. கடைசியில் தன்னைத் தூக்கிக்கொண்டு போக அளவெடுக்கிறார் என்று உலகம்மாளுக்குப் பட்டது. பட்டதுமே என்ன நினைத்தாள்? அதை நினைத்தால் இப்பவும் உடம்பு கூசுகிறது. ஐயோ, இங்கயா, என்றுதான் நினைத்தாள். இந்த ஹாலிலயா, புது டைல்ஸ் மேலயா, நாளைப்பின்னே இன்னொருத்தர் குடிவர வேண்டாமா, என்று. சீ! கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான், ஆனால் அந்த நினைப்பு மரகதத்தின் குரலிலேயே வந்தது. மரகதம் யாரோ இல்லை, இவர்கள் கடைசியாகக் குடியிருந்த வீட்டுக்காரி. பதினெட்டு மாசமாக இவள் நெஞ்சுக்குள் வைது வைது தீர்க்கிற அதே மரகதம், இவள் வாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாளே என்று பயந்து போனாள்.

சமையலறையைப் பார்க்கிற சாக்கில் சுகந்தி உள்ளே வந்தாள். குரலைத் தாழ்த்தி, “அக்கா, அப்பாவுக்கு வாரம் ரெண்டு தடவ டயாலிசிஸ் பண்ணுதோம். அதைச் சொல்லாம இருக்கக் கூடாதுல்லா. ரெண்டு வீட்டுல சரின்னுட்டு, அப்பாவைப் பாத்த பொறவு வேண்டாம்னுட்டாவ,” என்றாள். ஏன் வேண்டாம் என்றார்கள் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது, ஊருக்கே தெரியும். “அதனால என்னம்மா. நீங்க வாங்க,” என்றாள் உலகம்மாள். சுகந்தி சட்டென்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எம்மா, என்ன வந்தாலும் சரி, உங்கப்பா இந்த வாசல் வழியாத்தான் போவாரு, நான் வழியை மறிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. உயிரோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொல்ல வராமல் காபி போட்டுக் கொடுத்தாள். அன்றையிலிருந்து அது தொண்டைக்குள்ளேயே நிற்கிறது.

“ரெண்டு மாச நோட்டீஸ்னு போட்டுருதேன். வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை பிடிச்சுக்கிடலாம், எல்லாரும் பிடிக்காவ,” என்றார் அண்ணாச்சி. “பிடிக்க வேண்டாம்,” என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இப்படி எல்லாத்துக்கும் வேண்டாம், வேண்டாம்னா பொறவு பத்திரம் எதுக்கும்மா? பத்திரம்னாலே கூடாதுன்னு எழுதத்தானே?” என்றார். அதைத்தானே மரகதமும் சொன்னாள். வேறு மாதிரிச் சொன்னாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் இவள் உட்கார்ந்திருந்தாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மனுஷன் நெஞ்சைப் பிடித்தவர், ஆட்டோவிலேயே பாதி போய்விட்டார், மீதி ஆஸ்பத்திரியில் போனது. பல்பொடி வாசம் அவர் வாயில் அப்படியே இருந்தது. இவள் தம்பி, வீட்டுக்குக் கொண்டுவருகிறோம், பந்தல் போட ஆள் அனுப்புகிறோம் என்று மரகதத்துக்குப் போன் பண்ணினான். அவள் கேட்டைப் பூட்டிக்கொண்டு சாவியோடு வாசலிலேயே நிற்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். தம்பி ஓடினான். வீட்டுல கொண்டு வந்து போடாதிய, ஆஸ்பத்திரியில இருந்து நேரே எடுத்துட்டுப் போயிருங்க, குடியிருக்க நாளைக்கு எவன் வருவான் என்றாளாம். எங்கத்தான் எட்டு வருஷம் குடியிருந்த வீடு, அக்ரிமெண்டுல அப்படி ஒண்ணும் எழுதலையே என்று தம்பி கத்தினானாம். அதற்கு அவள், எடுத்துட்டு வரலாம்னும் எழுதலைல்லா, என்றாளாம். கோபத்தில்கூட இல்லையாம், சாவகாசமாக, தேங்காய்க்கு விலை சொல்கிற மாதிரி. எடுத்துட்டு வரலாம்னும் எழுதலைல்லா. இவள் காதால் கேட்காத பேச்சு அது, தம்பி வந்து சொன்னதுதான். ஆனாலும் அந்தக் குரல் மட்டும் இவள் காதிலேயே கேட்டதுபோல் இருக்கிறது, பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, சாமி கும்பிடும்போதுகூட. எழுதியிருந்தால்? எவனாவது ஒரு வரி எழுதியிருந்தால்? பத்திரத்தில் இருந்தால் போலீஸ் வந்து கேட்டைத் திறந்திருக்கும் அல்லவா? அவர் ஹாலில் வந்து படுத்திருப்பார் அல்லவா?

பாதி கட்டின சொந்த வீடு இருக்கிறதே, அங்கே கொண்டுபோவோம் என்றாள் இவள். காங்கிரீட் போட்டு முட்டுக்கூட எடுக்கவில்லை. அவருடைய அண்ணன், பால் காய்ச்சாத வீட்டுல முத முதல்ல பொணத்தையா கொண்டு வைப்பா, பொறவு அது வீடா வெளங்குமா என்றார். அவர் சொன்னது குற்றமில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். வாடகை வீட்டுக்கும் இல்லை, சொந்த வீட்டுக்கும் இல்லை. நடுவில் ஒரு ஆம்புலன்ஸில் மனுஷன் காத்துக்கிடந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் அரைக்கிலோ அரிசி கவரில் வாங்கி வந்தான் தம்பி. அதில் ஒரு பிடி அள்ளி, வண்டிக்குள் குனிந்து, வாய்க்கரிசி என்று போட்டாள். டிரைவர் நல்லவர்தான், எம்மா சீக்கிரம், அடுத்த கேஸ் நிக்கி என்றார். தலைமாட்டில் விளக்கில்லை, குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கவில்லை, பெண்டுகள் சுற்றி உட்கார்ந்து ஒரு அழுகை இல்லை. ஆத்தங்கரைச் சுடுகாட்டில் குழாயடியில் வைத்துக் குளிப்பாட்டினார்களாம், அதற்கும் இவள் போக முடியாது, பெண்பிள்ளை போகும் இடமா அது. கதவை அடைத்தார்கள், வண்டி போய்விட்டது. மனுஷன் என்றால் ஒரு வாசலிலிருந்து போக வேண்டாமா? கால் முன்னே தலை பின்னே என்று பார்த்துத் தூக்கி, நடை இடிக்காமல் சாய்த்து, தெரு பார்க்க ஒரு வாசல் வழியாகப் போக வேண்டாமா? அவர் எங்கிருந்தும் போகவில்லை. அதனால்தானோ என்னவோ இவளுக்கு அவர் போய்விட்டார் என்பதே பல நாள் மனசில் ஒட்ட மாட்டேன் என்கிறது. சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால் எழுந்து எட்டிப் பார்க்கிறாள்.

“அவ்வளவுதாம்மா. வழக்கமா உள்ளது பதிமூணு ஷரத்து. வேற ஏதும் சேக்கணுமா?” என்றார் அண்ணாச்சி, விரலைச் சொடக்கெடுத்துக்கொண்டே. அப்போதுதான் அவளுக்கு அது பளிச்சென்று பட்டது. வாயால் சொல்லத்தானே வரவில்லை? பேப்பர் சொல்லட்டுமே! இத்தனை வருஷமும் பேப்பர் இவளை அது கூடாது, இது கூடாது என்று அதட்டிக்கொண்டே இருந்தது, ஒரு தடவையாவது ஒரு மனுஷிக்கு ஆதரவாகப் பேசட்டுமே. “ஒண்ணு இருக்கு அண்ணாச்சி,” என்றாள். “குடியிருக்கவங்க வீட்டுல யாரும் தவறிட்டா, இங்கேயே வச்சு, செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு, தலைவாசல் வழியா எடுத்துட்டுப் போலாம்னு எழுதணும்.” அண்ணாச்சி கையை எடுத்துவிட்டார். “ஏம்மா, இதை எவனாவது எழுதுவானா? கூடாதுன்னே எவனும் எழுத மாட்டான், வாயாலதான் சொல்லுவாவ. நீங்க சரின்னு நினைச்சா மனசுல வச்சுக்கிடுங்க. பத்திரத்துல எதுக்கு?” “மனசுல வச்சா நாளைக்கு நானே மாறிருவேன் அண்ணாச்சி. எனக்கு என்னைய நம்ப முடியல. எழுதிருங்க.” அண்ணாச்சி, குடியிருக்கவங்களுக்குச் சங்கடமா இருக்கும்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று ஒரு தடவை கேட்டார், அவள் தலையை ஆட்டினாள், அவர் அடித்தார். இரண்டாவது பார்ட்டியின் குடும்பத்தாரில் எவரேனும் காலமாகும் பட்சத்தில், அன்னாரது பூதவுடலை மேற்படி வீட்டிலேயே வைத்து, சடங்குகள் யாவும் செய்து, தலைவாசல் வழியாக எடுத்துச் செல்ல முதல் பார்ட்டிக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. மெஷின் ஸ்டாம்பு பேப்பரை உள்ளே இழுத்து வெளியே தள்ளியது. சூடாக இருந்தது. உலகம்மாள் மற்ற ஷரத்துகளை விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் விரல் வைத்து வாசித்தாள், மறுபடியும் வாசித்தாள். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போய்த் திரும்பியது.

அவர்கள் வர இன்னும் நேரம் இருந்தது. டயாலிசிஸ் முடித்துவிட்டு அப்பாவோடு அப்படியே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். உலகம்மாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். சுகந்தி இதை வாசித்ததும் என்ன செய்வாள்? அன்றைக்குப் போலக் கையைப் பிடித்துக்கொள்வாள். அழுவாளோ? அழுதால் இவளும் அழுதுவிடுவாள், கடையில் வைத்து அழுவது நன்றாக இருக்காது, முந்தானையைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெரியவர் வந்து குடியேறட்டும். ஹாலில் தலைவாசலைப் பார்க்கக் கட்டிலைப் போட்டுக்கொள்ளட்டும், அவர் கண்ணுக்கு அது தெரிய வேண்டும். தெருவில் வருகிற கீரைக்காரியை அவர்கள் வாசலுக்கும் வரச் சொல்ல வேண்டும், உப்பில்லாமல் சமைக்க வேண்டியிருக்கும் பாவம், கீரை என்ன கீரை ஒத்துக்கொள்ளும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எப்போதோ ஒரு நாள், இன்றைக்கோ நாளைக்கோ இல்லை, நல்லா இருந்து எப்போதோ ஒரு நாள், அவரை அந்த நடை வழியாகத் தூக்கும்போது இவள் மாடிப்படியில் நின்று பார்ப்பாள். அந்த நடையில் ஒரு மனுஷன் முறையாகப் போவான். அதைப் பார்த்துவிட்டால் தனக்கும் ஏதோ ஒன்று முடிந்துவிடும் என்று அவளுக்கு இருந்தது. அடுத்தவர் சாவில் உன் கணக்கைத் தீர்க்கப் பார்க்கிறாயா உலகு, என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. இல்லை, இல்லை, நான் நல்லதுக்குத்தானே என்று அதற்குப் பதில் சொன்னாள்.

ஆட்டோ வந்து புங்கமரத்து நிழலில் நின்றது. பெரியவர் பின்சீட்டில் சாய்ந்திருந்தார், இறங்கவில்லை. சுகந்தியும் கோமதிநாயகமும் படியேறி வந்தார்கள். “ரொம்ப நேரம் காக்க வச்சிட்டோமாக்கா?” என்றாள் சுகந்தி. முகம் வாடியிருந்தாலும் சிரித்த முகம். “இன்னைக்கு டாக்டர் நல்ல சேதி சொல்லியிருக்காருக்கா. கிட்னிக்குப் பேரு பதிஞ்சு வச்சோம்லா, வரிசையில அப்பா மேல ஏறிருக்காவளாம். சீக்கிரமே கிடைச்சிரும்னாரு. கிடைச்சுட்டா அப்பா பழையபடி சைக்கிள் மிதிப்பாவ.” உலகம்மாள் நல்லதும்மா, நல்லது என்றாள். என்னவோ போல் இருந்தது. பேப்பரை எடுத்துக் கொடுத்துவிட்டார் அண்ணாச்சி. கொடுக்கும்போது இவளை ஒரு பார்வை பார்த்தார். கோமதிநாயகம் பேனாவைத் திறந்தான். சுகந்தி, இரிங்க, வாசிச்சுட்டுப் போடுவோம் என்று வாங்கி, நின்றபடியே வாசித்தாள். ஆணி அடிச்சுக்கிடலாமாக்கா, என்று ஒரு இடத்தில் நிமிர்ந்து சிரித்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள். உலகம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போனது. உதடு மட்டும் அசைந்தது, வாசித்த வரியை இன்னொரு தடவை வாசிக்கிறாள் என்று தெரிந்தது. “என்னதுக்கா இது?” என்றாள்.

உலகம்மாளுக்குச் சொல்ல எவ்வளவு இருந்தது! ஆம்புலன்ஸ், கவர் அரிசி, கேட் சாவி எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்து முட்டிக்கொண்டு நின்றன. “இல்லம்மா... நாளைப்பின்ன... எங்க வீட்டுக்காரருக்கு அப்படி ஆயிப்போச்சு, அதனால...” என்றாள். என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. “எங்கப்பா சாவாருன்னு இப்பவே பத்திரம் எழுதி வச்சிட்டியளா?” சுகந்தியின் குரல் உடைந்தது. “அவ்வளவு நோக்காட்டோட நாங்க ஒரு நாள்கூட அந்த வார்த்தையை வீட்டுல சொன்னது கிடையாதுக்கா. ஒரு நாள்கூட. அந்த மனுஷன் சைக்கிள் மிதிக்கணும்னு சொல்லிக்கிட்டு இருக்கேன், நீங்க எடுத்துட்டுப் போறதுக்கு வழி சொல்லுதிய.” கோமதிநாயகம், “ஏ, அவுக நல்லதுக்குத்தான்...” என்று ஆரம்பித்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை முகத்தில் வைத்துக்கொண்டு உலகம்மாளைப் பார்க்கவும் முடியாமல் பெண்டாட்டியைப் பார்க்கவும் முடியாமல் நின்றான். “அண்ணாச்சி, அதை எடுத்துருங்க, வேற பேப்பர்ல அடிங்க, பேப்பர் துட்டு நான் தாரேன்,” என்று பதறினாள் உலகம்மாள். “எடுத்தா? நான் வாசிச்சுட்டேன்லாக்கா,” என்றாள் சுகந்தி. இப்போது அவள் குரலில் கோபம்கூட இல்லை, ஏமாந்துபோன பிள்ளை மாதிரி இருந்தது. “இனிமே அந்த நடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அதுதானே தெரியும்? அந்த ஹால்ல அப்பா படுத்திருந்தா நான் எப்படிக்கா பாப்பேன்?” பேப்பரை மடக்காமல் மேஜைமேல் வைத்தாள், பறந்துவிடக் கூடாது என்று அதன்மேல் அண்ணாச்சியின் ஸ்டாப்ளரையும் எடுத்து வைத்தாள், படியிறங்கினாள். கோமதிநாயகம் கும்பிட்டுவிட்டுப் பின்னாலேயே போனான். இனி அந்தப் பெரியவரை ஏற்றிக்கொண்டு எந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்கள்? இந்த ஊரில் அவரைப் பார்த்துவிட்டும் வாங்க என்று சொன்ன ஒரே வீடு இதுதானே? அதையும் நானே அடைத்துவிட்டேனே, மரகதம் பூட்டோடு நின்றாள், நான் பேப்பரோடு நிற்கிறேன், இவ்வளவுதானே வித்தியாசம், என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. சுகந்தீ என்று கூப்பிட்டுக்கொண்டே செருப்புகூடப் போடாமல் இறங்கி ஆட்டோவுக்கு ஓடினாள்.

சுகந்தி அதற்குள் ஏறி, அப்பாவுக்கு அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் உலகம்மாளைப் பார்த்ததும் சிரமப்பட்டு நிமிர்ந்தார். உள்ளே நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. “கையெழுத்தெல்லாம் ஆயிட்டா தாயி?” என்றார். பிளாஸ்திரி போட்ட கையையும் மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிட்டார். “நல்ல வீடு. நீங்க நல்லா இருப்பிய. இனிமே எனக்கு ஒரு கவலையும் கிடையாது.” சுகந்தி, அப்பா பேசாதிய, மூச்சு வாங்கும் என்றாள், திரும்பாமலே. “இரு மக்கா, சொல்லிட்டுப் போறேன். வெள்ளிக்கிழமை நாள் நல்லா இருக்கு, பால் காய்ச்சிருவோம். நீங்கதான் தாயி வந்து அடுப்பைப் பத்த வைக்கணும். வேற யாரும் கூடாது.” புருஷனை இழந்தவளை அடுப்புப் பத்த வைக்க யாரும் கூப்பிட மாட்டார்கள். இவள் சொந்த வீட்டுக்கே நாத்தனார்தான் பற்ற வைத்தாள். உலகம்மாள் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இல்லை ஐயா, நீங்கள் அங்கே வரவில்லை என்று சொல்ல வேண்டும், அதை மகள் சொல்லிக்கொள்ளட்டும், ஒருத்தராவது சொல்ல வேண்டும். அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். சுகந்தியின் முதுகு குலுங்கியது.

“எத்தன மணிக்கு ஐயா வரணும்?” என்று கேட்டாள் உலகம்மாள்.

“காலம்பற ஆறு மணிக்கு வந்திருங்க. வெயிலுக்கு முன்ன முடிச்சிருவோம்,” என்றார் பெரியவர்.

“வாரேன்,” என்றாள். கோமதிநாயகம் டிரைவர் தோளைத் தொட்டான், ஆட்டோ கிளம்பியது.